ஐம்பத்தைந்துக்கு அப்பால்

கேமராவோடு ஒட்டிக்கொண்டு வந்த லென்ஸ்
பதினெட்டில் தொடங்கி ஐம்பத்தைந்தில் நின்றுவிடும்.
அதற்குமேல் திருகினால் வளையம் கையைத் தடுக்கும்.
கூந்தன்குளத்தில் நான் எடுத்த வரித்தலை வாத்துகள் எல்லாம்
தண்ணீரில் சிந்திய மிளகு.
"வாத்துன்னு நீங்க சொல்லுதீங்க, சரி"
என்றாள் ரத்தம் எடுக்கும் அன்னபாக்கியம்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன்.
இரண்டு வருடம், மூவாயிரத்து நூற்று நாற்பது படம்.
இரண்டாயிரத்து அறுநூறு, ஐம்பத்தைந்தில்.
மீதியில் பாதி என் செருப்பு.

லென்ஸ் மாற்றத் தெரியாதவள் இல்லை நான்.
பாளையங்கோட்டை மார்க்கெட் மாடி லேபில்
பன்னிரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு.
பத்தில் தேடு. நாற்பதில் நெருங்கு.
நூறுக்குப் போகுமுன் ஒரு சொட்டு எண்ணெய் விடு.
மலேரியாக் கிருமி என் நிழலுக்குப் பயந்து
எழும்பிப் போனதில்லை.

வண்ணார்பேட்டைக் கடையில் உச்சிமாகாளி
கண்ணாடி மேசைமேல் மூன்றை வைத்தான்.
ஐம்பது, உள்ளங்கைக்குள் அடங்குவது, ஒன்பதாயிரம்.
"பிள்ளைங்க முகம் பால்கோவா மாதிரி வரும்க்கா."
எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.
இருநூற்றைம்பது, லேசு, நியாயமான விலை.
வாசலில் நின்று எதிர்த்த பஸ் ஸ்டாப்புக்குத் திருப்பினேன்.
ஒரு அம்மாள் பல்லிடுக்கில் சிக்கியதை
மும்முரமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.
சட்டென்று இறக்கிவிட்டேன்.
அறுநூறு. விலை சொல்லாமல்
அதைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.
என் கைப்பையில் சீட்டுப் பணம் இருபத்து மூவாயிரம்.
அவன் குரலை இறக்கி,
கடைக்காரன் சொல்லக்கூடாததைச் சொன்னான்:
"பழசுன்னா, மேலப்பாளையத்தில
மைதீன் பிச்சை அண்ணன்ட்ட ஒண்ணு சும்மா கெடக்கு."

வ.உ.சி. மைதானத்து மேட்சுகளுக்காக வாங்கியதாம்.
இரண்டு கிலோ. குட்டித் தவலைபோல் மடியில் வைத்திருந்தார்.
முப்பது என்றார்.
செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துக் குனிந்தேன்.
"தூசிம்மா. லேசா இருக்கும்."
"தூசி கிளை விடாது பாய்."

உள்கண்ணாடி ஒன்றின் ஓரத்தில்
நூலாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து,
நான் தட்டில் வளர்த்து வாரம் இருமுறை
டாக்டரம்மாவிடம் நீட்டுகிற அதே ஜீவன்.
அவர் கொஞ்சம் பேசாமலிருந்தார்.
பிறகு, வெள்ளம் வந்த டிசம்பர் என்றார்.
மீனாட்சிபுரத்து ஸ்டூடியோவில்
பீரோவின் இரண்டாம் தட்டுவரை ஆறு ஏறியது.
இது மூன்றாம் தட்டில்.
"தண்ணி தொடல. ஈரம் விடுமா?"

பூஞ்சை தெரிந்தவளாய் இருப்பதுதான் கோளாறு.
தெரியாதவள் எழுந்து வந்திருப்பாள்.
ஓரத்தில் இருப்பது படத்தில் விழாது.
வெயிலை முதுகில் வாங்கினால் அடங்கிக் கிடக்கும்,
எதிரில் வாங்கினால்தான் வாயைத் திறக்கும்.
லேபில் சிலிகா மணி உண்டு,
டப்பாவில் போட்டு மூடினால் மேலே வளராது.
பதினெட்டுக்கு முடிந்தது.
கொடுத்த பிறகு ஒருமுறை திரும்ப வாங்கி
வளையத்தை அறுநூறுவரை திருகிப் பார்த்துவிட்டு
மறுபடி கொடுத்தார்.

ஞாயிறு விடியல், கூந்தன்குளம்.
ஸ்கூட்டி சீட்டில் தலையணை, தலையணையில் லென்ஸ்.
பின்னந்தலையில் இரண்டு கறுப்புக் கோடு.
அலகில் ஒட்டிய பாசி.
கழுத்தைக் கோதும்போது கண் பாதி மூடுகிறது,
இது எனக்குத் தெரியாது.
எண்ணூறு படம், ஒன்றில்கூட மிளகு இல்லை.

எட்டு மணிக்கு யாரோ பைக்கை முறுக்க
கூட்டம் எழும்பிக் கிழக்கே வளைந்தது.
கூடாதென்று தெரிந்தே நானும் வளைந்தேன்.

திங்கட்கிழமை அன்னபாக்கியம்
எண்ணூறையும் தள்ளித் தள்ளிப் போய்
கடைசிப் படத்தில் நின்றாள்.
கழனித்தண்ணி நிறத்தில் ஒரு மூட்டம்,
அதற்குள் எங்கோ இறக்கைகள்.
விரலால் பெரிதாக்கினாள்.
"பனியாக்கா?"
"ஆறு" என்றேன்.
ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு
பதினேழாம் டோக்கனைக் கூப்பிட்டாள்.