கெளுத்தியும் உளியும்

பானைகளின் தாய் என்று பேர் அந்த மேட்டுக்கு.
மலையின் கால்மாடு வரை ஓடு, ஓடு, வெறும் ஓடு.
மிதித்தால் மொறுமொறுக்கும்.
செத்த ராசாக்களுக்கு யார் யாரோ
பியரும் சோறும் படைத்துவிட்டுப் போன கலயங்கள்.
நான் அதைச் சலிக்கிறவன்.
நாள்கூலி, வெள்ளி விடுமுறை.

நேற்றுச் சல்லடையில் ஒரு சில்லு நின்றது.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
நகத்தளவு கட்டம்.
கட்டத்துக்குள் மீன் ஒன்று,
அடியில் உளி ஒன்று.

கூடாரத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
அரசன் பேராம்.
மேல்நாடும் கீழ்நாடும் ஒரே தலையில் சூடியவனாம்.
அவன்தான் முதல்வன் என்றார் ஒருவர்,
முன்னும் ஆளுண்டு என்றார் இன்னொருவர்,
வாதம் முடியுமுன் தேநீர் ஆறிப்போனது.
நார்மர் என்று வாசிக்கிறார்கள்.
வாசலில் நின்று அவனை அவன் தாய்
எப்படிக் கூப்பிட்டாள் என்றால்
தோளைக் குலுக்குகிறார்கள்.
மீன் தங்கிவிட்டது, உளி தங்கிவிட்டது,
கூப்பிட்ட குரலை ஆறு கொண்டுபோயிற்று.

அவன் குழியைப் பார்த்திருக்கிறேன்.
பச்சைச் செங்கல் அடுக்கிய இரண்டு பள்ளம்.
எங்கள் தெருவில் பாக்கூமின் கழுதைத் தொழுவம்
இதைவிட விசாலம்.

ராத்திரி ஸன்னூபாவிடம் சொன்னேன்.
பல்யானா சந்தையில் கெளுத்தி அறுப்பவள்,
விரலெல்லாம் முள் குத்திய வடு.
"காலையில் அறுத்தது உச்சிக்குள் நாறுது,
உன் ராசா மீன் மட்டும்
ஐயாயிரம் வருசமாய் நாறலையா?"
சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு.

பத்து வயதில் பள்ளிக்கூட பஸ்ஸில்
கெய்ரோ போய்ப் பார்த்த கல்லைச் சொன்னேன்.
ஒரு கையில் எதிரியின் மயிர்,
மறு கையில் ஓங்கிய தண்டு.
மண்டியிட்டவன் தலைமேல்
அன்று ஓங்கியது
இன்னும் இறங்கவில்லை.
பின்பக்கம் இரண்டு வரிசைப் பிணம்,
தலையெல்லாம் அவரவர் காலிடுக்கில்.
ராசா வெறுங்காலோடு நிற்கிறான்,
செருப்பு
பின்னால் நிற்கும் சின்ன ஆளின் கையில்.

"செருப்புத் தூக்கினவன் பேரென்ன?"

பக்கத்தில் ஒரு பூ வரைந்திருக்கிறது.
பேரோ பதவியோ,
பூ என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அவள் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள், உன் சில்லு மீனுக்கு
மீசை எத்தனை என்று.
ஒன்று, என்றேன்.
"ஒன்றா?
கெளுத்திக்கு எட்டு.
கீறினவன் ஆற்றுப் பக்கமே போகாதவன்.
இல்லாவிட்டால்
சூளை மூட்டுமுன் இன்னும் நூறு பானை
பாக்கி இருந்திருக்கும், பாவம்."

விடிகாலையில் ஒரு முழுக் கெளுத்தியை
நேற்றைய செய்தித்தாளில் சுருட்டி
என் பையில் திணித்தாள்.
படித்தவர்களிடம் காட்டு,
எண்ணிப் பார்க்கட்டும்.

காட்டினேன். எண்ணினார்கள்.
எட்டுதான்.
ஒருவர் படமும் எடுத்துக்கொண்டார்.
மத்தியானம் சமையல்காரன் கிர்கிஸ் அதை
சீரகமும் பூண்டும் அரைத்துப் பூசிப் பொரித்தான்.
குழியோரம் நிழல் விழுந்த இடத்தில்
குந்தித் தின்றோம் ஏழு பேர்.
ரொட்டி போதவில்லை.
சில்லுக்கு எண் போட்டுப் பெட்டியில் வைத்தாயிற்று.
முள்ளை
இருந்த இடத்திலேயே
மணலைத் தள்ளி மூடினேன்,
ஈ மொய்க்கக் கூடாதே என்று.