பல் பட்ட விதை

பெட்டியில் பதினொரு விதைகள்.
மூன்றைப் பொடியாக்கலாம் என்றது
அருங்காட்சியகத்துக் கடிதம்.
எந்த மூன்று என்று
நானும் பீர்த்தாவும் ஒரு மதியம் முழுக்கச் சண்டையிட்டோம்,
பக்கத்தில் பிள்ளை தூங்குவது போலத்
தாழ்ந்த குரலில்.

ஃபெஸ்ஸானில் ஒரு குகை.
மணலுக்கும் ஆட்டுப்புழுக்கைக்கும் அடியில்
ஆறாயிரம் ஆண்டு கிடந்தவை.
ஒன்பதாவதின் ஓரத்தில் மட்டும் ஒரு பிளவு,
நுண்ணோக்கியில் பள்ளத்தாக்காய் விரிந்தது.
பல்.
கடைவாயில் வைத்து நசுக்கியதல்ல,
விளிம்பைப் பார்த்து, அளவாக, ஒரே கடி.
எங்கள் ஊர்ப் பேருந்தில் எல்லோரும்
அப்படித்தான் கடிப்போம்.
"அதைத் தொடாதே மப்ரூகா" என்றாள் பீர்த்தா.
தொடவில்லை.

கோபன்ஹேகனில் தெருவெல்லாம் பனிச்சேறு.
கீழ்த்தளத்து அறையில் நாங்கள்
வெள்ளை உடை, இரட்டைக் கையுறை,
வடிகட்டிய காற்று.
மூச்சு விடுவதே களவு போலிருக்கும் அங்கே.
இத்தனைக்கும் பிறகு
முதல் விதையில் கிடைத்தது பூஞ்சை.
இரண்டாவதில் மண்ணின் பாக்டீரியா,
கூடவே கொஞ்சம் மனிதர்.
ஆடிப்போனேன்.
குகையில் இருந்தவரோ?
இல்லை, தோர்கில்.
எங்கள் ஆய்வக உதவியாளர், தங்கமான மனிதர்,
சளிக்காலத்தில் எங்கோ தும்மியிருக்கிறார்.
ஆறாயிரம் ஆண்டைத் துழாவி
தோர்கிலைக் கண்டெடுத்தோம்.

மூன்றாவது பேசியது.
திக்கித் திக்கி, நாற்பது எழுத்து, ஐம்பது எழுத்து,
நுனியெல்லாம் அரித்துப்போன துண்டுகள்.
எனக்கு வேண்டியது ஓர் இடம்:
கைப்பைத் திறந்துவிடும் குழாய் போன்ற மரபணு.
இன்றைய தர்ப்பூசணியில் அது பழுது.
பழுதானதால்தான் வாயில் வைக்க முடிகிறது.
அப்போதே பழுதாகியிருக்கும் என்று நம்பி
கட்டுரைக்குத் தலைப்புக்கூட எழுதிவைத்திருந்தேன்,
'இனிப்பு' என்ற சொல்லோடு.

பழுதாகவில்லை.
குழாய் திறந்தே கிடந்தது.
பேய்க்கொம்மட்டிக் கைப்பு,
நாக்கில் பட்டால் குடல்வரை இறங்கும் கைப்பு.
நிறத்துக்கான இடமும் சொன்னது:
உள்ளே சிவப்பில்லை, வெள்ளை.
தலைப்பை அழித்தேன்.
பின் எதற்குப் பறித்தார்கள்,
எதற்குக் குகைவரை சுமந்தார்கள்?

இரவு சபாவுக்கு அழைத்தேன்.
என் தம்பி கூமா அங்கே வறுத்த விதை விற்கிறான்,
உப்புப் போட்டு, காகிதக் கூம்பில்.
பின்னால் ஜெனரேட்டர் இரைந்தது,
கத்திக் கத்திச் சொன்னேன்:
பழம் கைக்கும், சதை வெள்ளை, விதையில் பல்தடம்.
சிரித்தான்.
"விதைக்குத்தான் வளர்த்திருப்பார்கள், அக்கா.
பழம் வெறும் பை.
இதற்கா அத்தனை பெரிய மெஷின்?"
யாரோ இரண்டு கூம்பு கேட்டார்கள்,
வைத்துவிட்டான்.

மெஷின் வேண்டும்தான், கூமா.
உன் ஊகத்துக்குச் சாட்சி வேண்டும்.
நன்றிக்குறிப்பில் அவன் பெயரைச் சேர்த்தேன்.
பீர்த்தா முகம் சுளித்து, பிறகு
எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள்.

கட்டுரை வெளிவந்தபோது கோடை.
தோர்கில் ஒரு தர்ப்பூசணி வாங்கிவந்தார்,
ஸ்பெயினிலிருந்து வந்தது, விதையில்லாத ரகம்.
வெட்டியதும் மேசையெல்லாம் சிவப்பு.
நானும் மூன்று துண்டு தின்றேன்,
பொய் சொல்வானேன், அருமை.
பல் மட்டும் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் எட்டு விதைகளையும் பஞ்சில் வைத்தேன்.
ஒன்பதாவதை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஓடு பிளந்திருக்கிறது,
பருப்பு உள்ளேயே இருக்கிறது.
கடித்தவர் தின்னவில்லை.
யாராவது கூப்பிட்டிருக்கலாம்.
விரலிலிருந்து நழுவி
இருட்டில் தேடிச் சலித்திருக்கலாம்.
திருப்பி அனுப்பும் படிவத்தில்
'சேதம்' என்றொரு கட்டம்.
எழுதினேன்:
முன்பே உள்ளது.