ரோபோவில் இல்லாத நிறம்

மின்வெட்டு பதினொன்றேகாலுக்கு.
சாட்ஸ்வொர்த் முழுக்க அதைத் திட்டும்.
நான் மட்டும் அதற்காகக் காத்திருந்தேன்.

இரவல் கருவி, உள்ளங்கை அகலம்.
மூன்று வாரம் வைத்துப் பாருங்கள் என்று
கம்பெனிக்காரன் விட்டுப் போனது.
இருட்டில்தான் அதற்குக் கண் தெரியும்.
மற்ற நாட்களில்
குப்பைப் பையை வெட்டி ஜன்னலில் ஒட்டுவோம்;
ஓரத்தில் கசியும் வெயிலை
நோம்தண்டாசோ தன் முதுகால் மறைப்பாள்.
அன்று அரசாங்கமே விளக்கணைத்துத் தந்தது.

கோகிலன் படையாச்சி, அறுபத்தொன்று.
ரொட்டி வேன்.
விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி ஐம்பத்திரண்டு கடை.
வலது பாதம், பெருவிரலுக்குக் கீழே,
ஆக்சிலேட்டர் தொடும் அதே இடத்தில்
ஐந்து மாதமாய் ஓர் ஐம்பது சென்ட் காசு.

முதலில் நைலான் இழை.
தூண்டில் நரம்பு மாதிரி, வளையும்வரை அழுத்தவேண்டும்.
கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பட்டால் சொல்லுங்கள்.
அவர் எண்ணினார்.
வீட்டில் மிஞ்சிய தமிழ்
பத்துவரை எண்ணப் போதும்.
ஒண்ணு.
ரெண்டு.
மூணு.
அப்புறம் ஏழு இடம் தொட்டேன்.
தெருவில் ஒரு ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
"ஏன் சிஸ்டர் நிறுத்திட்டீங்க?" என்றார்.

ஊதா வெளிச்சத்தைப் பிடித்தேன்.
வெறுங்கண்ணுக்கு அந்தப் புண் நல்ல பிள்ளை:
இளஞ்சிவப்பு, அளவான ஈரம், நாற்றமில்லை.
'தேறுகிறது' என்று
போன வாரம் எழுதியது என் கைதான்.
திரையில் தோல் பாசிப்பச்சையாய் விரிந்தது.
விளிம்பில், காய்த்துப்போன தோலுக்கு அடியில்,
பிறை வடிவில் ஒரு சிவப்பு.
யாரோ உள்ளே உட்கார்ந்து
தணலை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அவர் எட்டிப் பார்த்தார்.
இந்த ஊரில் சிக்னல் விளக்குக்கு ரோபோ என்று பெயர்.
"ரோபோதானே இது?
பச்சைன்னா போ. சிவப்புன்னா நில்லு."
இன்னும் குனிந்தார்.
"அந்த நீலம்? ரோபோவில நீலம் கிடையாதே."

குழியின் நடுவில், கடுகளவு,
நீலமும் வெள்ளையும் கலந்த மினுக்கம்.
அதன் பெயர் எனக்குத் தெரியும்.
நீளமான பெயர். சுலபத்தில் மருந்துக்கு மசியாது.
சொல்லவில்லை.
"அதைப் பார்த்தா
வண்டியை ஓரங்கட்டணும்" என்றேன்.

பிறையைச் சீவி எடுத்தேன்.
கத்தி பட்டபோது அவர்
கோதுமை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.
ஐந்து மாதமாய்ப் பஞ்சை ஒற்றி ஒற்றி
சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்;
தெரு சரி, வீடு தப்பு.

முழங்கால்வரை பூட்ஸ். ஆறு வாரம். ஓட்டக்கூடாது.
"சரி" என்றார்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.

அடுத்த வாரம் பிறை நூலாய் மெலிந்திருந்தது.
நீலம் இல்லை.
நோம்தண்டாசோ சத்தமாய்க் கைதட்ட,
வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
பூட்ஸைத் திரும்ப மாட்டும்போதுதான் கண்டேன்:
ஒட்டுப்பட்டையின் பொடிக் கொக்கிகளுக்குள்
மாவு.
அன்றைக்கு விடிகாலை மாவு.
அதைக் காண இருட்டு தேவைப்படவில்லை.

"ஓட்டினீங்களா?"
"இடது காலால. வேன் ஆட்டோமேட்டிக்."
பிறகு, பூட்ஸைப் பார்த்தபடி:
"மூணு நாள் நின்னா
ரூட்டு வேற ஆளுக்குப் போயிடும் சிஸ்டர்."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
நோயாளி ஒத்துழைக்கிறாரா? ஆம், இல்லை.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
பக்கத்தில் கோடு போட்ட இடமில்லை;
விளிம்பில் எழுதினேன்: ஐம்பத்திரண்டு கடை.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரன் வந்தான்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
கருவியைப் பஞ்சுப் பெட்டியில் படுக்கவைத்தான்.
விலை சொன்னான்.
எங்கள் நான்கு பேர் சம்பளம்.
ஜன்னலில் கறுப்புப் பை இன்னும் இருக்கிறது.
நான் திரும்பவும் கண்ணாலும் மூக்காலும் பார்க்கிறேன்.
விளிம்பைத்தான் முதலில் பார்க்கிறேன்.
ரொட்டிக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டேன்.
பதில் இல்லை.

இன்று காலை ஹைஜின்ஸ் சாலை முனையில்
மின்வெட்டில் ரோபோ செத்திருந்தது.
எந்த நிறமும் இல்லை.
நாலு பக்கத்து வண்டிகளும்
ஒன்றையொன்று முகம் பார்த்து
முறை வைத்துப் போய்க்கொண்டிருந்தன.
எதிரே ஒரு ரொட்டி வேன் நின்று
கையசைத்து எனக்கு வழிவிட்டது.
கண்ணாடியில் வெயில். முகம் தெரியவில்லை.

எந்தக் காலால் பிரேக் போட்டாரோ.