இனிஷியலுக்கு ஒதுக்கிய இடம்

கண்டனூரில் எங்கள் பள்ளி அலுவலக அறையில்
ஒரு கணினி, ஒரு மின்விசிறி.
இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்று நின்றுவிடும்.
அன்று நான் கணினியை ஓடவிட்டேன்.

பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல்
மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும்
என்றது தேர்வுத்துறைச் சுற்றறிக்கை.
பூட்டிய பிறகு திருத்துவது லேசில்லை.
ஒரே ஒரு 'ற'வுக்காகச் சிவகங்கைக்கு
ஏழு தடவை பஸ் ஏறியவரை எனக்குத் தெரியும்.
அவர் கறுப்பையா.
சான்றிதழில் இன்னும் கருப்பையா.

எங்கள் பக்கம் இனிஷியல் என்பது எழுத்தல்ல, ஊர்வலம்.
சித.அரு.மெய. நாச்சியப்பன் என்றால்
அப்பா, ஐயா, ஐயாவைச் சுவீகாரம் எடுத்தவர்
எல்லாரும் வரிசையாக நடந்து வந்து
கடைசியில்தான் பையன் வருவான்.
திரையில் அத்தனை பேருக்கும் சேர்த்து
என் சுண்டுவிரல் நகமளவு இடம்.
அவன் அப்பாவுக்குப் போன் போட்டேன்:
"அண்ணே, இதில் யாரை இறக்கிவிட?"
மறுமுனையில்
வெகுநேரம் பேச்சே இல்லை.

நாலேகாலுக்கு வந்து நின்றாள்
'ஆ' பிரிவுப் பூமயில்.
"அக்கா, க-வை எடுத்துட்டு
மா போட்டிருங்க."
மாரிக்கண்ணு அவள் அம்மா.
க யாரென்று ஊருக்கே தெரியும்,
எங்கே இருக்கிறார் என்பதுதான் தெரியாது.
காரணம் எழுதும் கட்டம் திரையில் இல்லை,
நானும் கேட்கவில்லை.
அரசாணை இருக்கிறது, எண் நினைவில்லை.
கூட்டத்திலிருந்த தலைமையாசிரியர்
கிசுகிசுப்பாய்ச் சொன்னார்:
"அம்மா கையால் ஒரு கடிதம். இல்லாவிட்டால் க."

காரைக்குடி செக்காலை முறுக்குக் கம்பெனியிலிருந்து
நாலு ஐம்பதுக்கு வாட்ஸப்பில் வந்தது கடிதம்.
லேபிளின் பின்பக்கம், எண்ணெய்க் கறையோடு:
'என் மகள் என் பெயரைப் போட்டுக்கொள்ள
எனக்குச் சம்மதம். ரொம்பச் சம்மதம்.'
நாலு ஐம்பத்தாறுக்கு மா ஏறியது.

அப்புறம் தேர்வு.
போலீஸ் துணையோடு வினாத்தாள் ஜீப்,
இரண்டு சாவிக்காரர், ஒரு பெட்டி,
நேரம் பார்த்துக் கையெழுத்து.
எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.
எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் நடப்பது.

இங்கே புதிதாய் யார் வந்தாலும்
எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீடு
என்று மூன்றும் கேட்டுவிட்டுத்தான்
தண்ணீரே தருவார்கள்.
தேர்வுத்துறை மூன்றையும் கேட்பதில்லை.
பெயருள்ள சீட்டைக் கிழித்துத் தனியே கட்டிவிடுகிறது.
எங்கோ வேறு மாவட்டத்தில்
வியர்த்தபடி சிவப்பு மை தீர்க்கும் ஒருவர் முன்னால்
சித.அரு.மெய.வும் மா.வும்
அடையாளம் தெரியாத இரண்டு விடைத்தாள்கள்.

இதைக் கருணை என்று சொல்லமாட்டேன்.
கருணை காட்ட ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.
கணக்குத் தேர்வன்று பூமயிலுக்குக்
கண் திறக்க முடியாத காய்ச்சல்,
அதுவும் அந்தச் சீட்டோடு கிழிந்து போனது.
ஆனாலும்
யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல்
ஒருவர் மூன்று மணி நேர எழுத்தை
முழுசாய் வாசித்தது
அவளுக்கு அதுதான் முதல் தடவை.

சான்றிதழ்கள் கட்டாக வந்தன.
கணக்கில் நாச்சியப்பன் நாற்பத்தொன்று,
பூமயில் முப்பத்தெட்டு.
நாச்சியப்பனின் அப்பா ஜன்னலோரம் வந்து
தயங்கித் தயங்கிக் கேட்டார்,
மறுகூட்டலுக்குக் கடைசித் தேதி என்ன?
மார்க்குக்கு இல்லையாம்.
விட்டுப்போன ஐயாவுக்காம்.

பூமயில் மார்க்கைப் பார்க்கவே இல்லை.
முதல் வரியில் விரலை வைத்து
மா-வைத் தொட்டுக்கொண்டே நின்றாள்.
"லேமினேஷன் போட்டுறாதே" என்றேன்.
"பின்னாடி முத்திரை வைக்கணும்னு சொல்லுவாங்க."
தலையாட்டிவிட்டு
கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள்.