அசைந்தால் எரியும் விளக்கு

குரோனிங்கனில் நவம்பர் மழை
மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வருகிறது,
சைக்கிளில் போகிறவளின் காதுக்குள் நேராக.

நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தை
நாங்கள் பிடித்து இரண்டு நாளாகிறது.
பதினாறு பேர். ஒன்பது போர்வை.
ஒரு பானை பருப்பு சூப்.
அதில் உப்புப் போட எல்லோரும் மறந்தோம்,
பிறகு எல்லோரும் போட்டோம்.

சன்னலில் பதாகை:
எரிவாயுப் பணம் எங்கள் படிப்புக்கு வேண்டாம்.
வீட்ஸ்கே எழுதியது.
கடைசிச் சொல் இடம் போதாமல்
மூலையில் ஒண்டிக் கிடக்கிறது.

அவள் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல்.
அடியிலிருந்து வாயுவை உறிஞ்ச உறிஞ்ச
நிலம் குலுங்கிக் கொடுத்தது அது.
முதல் வருடம் அதில் தபால் அட்டை நுழைந்தது.
இப்போது அவள் தம்பியின் சுண்டுவிரல்.
கூட்டத்தில் அவள் இதைச் சொல்வதே இல்லை,
புள்ளிவிவரம்தான் சொல்வாள்.

கோரிக்கைகள் ஏழு.
நான்காவதில் ஒரு காற்புள்ளிக்காக
ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

இரவு பதினொன்றுக்குக் கதவு திறந்தது.
போலீஸ் என்று நினைத்து
யெல்மர் தரையில் மல்லாந்து படுத்தான்,
பயிற்சியில் சொல்லித்தந்தபடி, உடம்பைத் தளர்த்தி.

வந்தது ஒரு தள்ளுவண்டி.
பின்னால் மிரெல்வா.
"காலைத் தூக்குங்க" என்றாள்.
தூக்கினோம்.
யெல்மரைச் சுற்றித் துடைத்தாள்.

நீள மேசைக்கடியில்
முட்டி போட்டு அவள் சூப் கறையைத் தேய்த்தபோது
விளக்கு அணைந்தது.
இருட்டில் ஒரு கை மட்டும்
மேசை விளிம்புக்கு மேல் எழுந்து
யாருக்கோ டாட்டா காட்டியது.
வெளிச்சம் வந்தது.
கொஞ்ச நேரத்தில் மறுபடி.
மறுபடி அந்தக் கை.

இந்தக் கட்டடம் பசுமை விருது வாங்கியது.
ஆண்டறிக்கையில் முழுப் பக்கம்,
மிச்சமான மின்சாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இலைப் படம்.
கூரையிலிருக்கும் கண்
மேசைக்கடியில் பார்க்காது.

எத்தனை நாளாக இப்படி, என்று கேட்டேன்.
"கட்டடம் திறந்ததுலேர்ந்து."
குறையாகச் சொல்லவில்லை, மணி சொல்வதுபோல் சொன்னாள்.
ஒரு தளத்துக்கு முன்பு முப்பத்தைந்து நிமிடம்.
புது ஒப்பந்தத்தில் இருபத்திரண்டு.
உங்கள் சூப்புக்கு மட்டும் பதினொன்று.

குராசோவில் பிறந்தவள்.
எண்ணெய் ஆலையின் புகை போகிற திசையில் வீடு,
கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்பு
மாலையில் புள்ளி புள்ளியாக இறங்கும்.
பதாகையைப் படித்தாள், உதட்டை அசைத்து.
"எழுதினது சரிதான்.
ஆனா அந்த டேப்பு பெயின்ட்டை உரிக்கும்.
உரிஞ்சா என்னைத்தான் கேப்பாங்க."

அவள் போனபின் சண்டை.
எட்டாவதாக ஒன்று சேர்க்கவேண்டும் என்றேன் நான்.
செய்தி சிதறிப்போகும், என்றான் யெல்மர்.
காலநிலைக்கு வந்தோம், கறைக்கு அல்ல.
வீட்ஸ்கே எதுவும் பேசவில்லை.
அவள் சன்னலில் ஏறி
நகத்தால் டேப்பைச் சுரண்டிப் பார்த்தாள்.
உரியத்தான் உரிந்தது.

மூன்று மணி. களைத்து, ஆடாமல் உட்கார்ந்திருந்தோம்.
விளக்கு அணைந்தது.
பதினாறு கைகளும் உயர்ந்தன.
வெளிச்சம் வந்தபோது
குறிப்பெழுதும் அன்னெலூஸ்
எண்ணி முடித்திருந்தாள்:
எட்டாவது கோரிக்கை, ஒருமனதாக.
யெல்மர் தன் கையைப் பார்த்தான்.
இறக்கவில்லை.

ஐந்தாம் நாள் நாங்களாகவே வெளியேறினோம்.
எரிவாயுப் பணத்தை ஒரு குழு ஆராயுமாம்.
எட்டாவதற்கு உடனே பதில் வந்தது:
விளக்கு அணையும் நேரம்
மூன்று நிமிடத்திலிருந்து ஆறு.
இருபத்திரண்டு இருபத்திரண்டாகவே இருக்கிறது.
அதைக் கேட்க ஒவ்வொரு செவ்வாயும் போகிறோம்,
இப்போது நான்கு பேர்.
யெல்மர் வருகிறான்.

கடைசி இரவு முடி உலர்த்தியால் டேப்பைச் சூடாக்கி
மெல்ல எடுத்துக்கொண்டிருந்தோம்.
மிரெல்வா வாசலில் நின்று பார்த்தாள்.
"அந்த மூலையும்" என்றாள்.