கம்பத்தின் மேல் ஒரு கை

பஞ்சு கட்டுப்படியாகாது. வைக்கோல்தான் அடைப்பேன்,
ஐந்து விரலும் விறைத்து நிற்கும்வரை.
ஆகஸ்டு முதல் செவ்வாய், கோயில் மணி ஓய்ந்ததும்
கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவேன்.
அரசனின் கை என்கிறார் நகரத் தலைவர்.
எனக்குத் தெரிந்து, கையுறைக்காரி ஏவிஸ் தைத்தது;
சுண்டுவிரலில் தையல் கோணல்.

அது மேலே இருக்கும் மூன்று நாளும்
ஊரான், அயலான் இல்லை.
பிளாண்டர்ஸ் துணிக்காரன்
நம் தறிக்காரன் மூக்குக்கு நேரே
கடை விரிக்கலாம்.

முதல் சந்தை எப்படிக் கூடியது?
புனிதரின் திருநாளுக்குக் கூடியது என்பார் பாதிரியார்.
என் கணக்கு வேறு.
பூசை நீண்டுபோன ஒரு பகலில்
ஒருவனுக்குப் பசித்தது;
பக்கத்தில் பேரிக்காய்க் கூடையோடு ஒருத்தி.
கல்லறைக் கல்லே முதல் கடைப்பலகை.
செத்தவர்கள் வாடகை கேட்கவில்லை.

தகராறும் அன்றே பிறந்திருக்கும்.
அதற்குத்தான் சுங்கச்சாவடி மாடியில்
தூசிக்கால் மன்றம்.
செருப்பைத் தட்டாமலே ஏறி வரலாம்.
விடிந்தால் வேறு ஊர் போகிறவனுக்கு
வாய்தா எதற்கு?
நேற்று ஒரு மிளகு வழக்கு. மூட்டையின் அடியில் எலிப்புழுக்கை.
மிளகு எந்த மண்ணில் விளைகிறதென்று
விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.
அடுப்பில் வைத்த ரொட்டி வேகுமுன் தீர்ப்பு.

வைமண்டுக்கு நாற்பது வெள்ளி கடன்.
ஆண்டு முழுக்க சாமர்செட் சதுப்புக்கு அப்பால்
யார் பெயரிலோ நாணல் அறுக்கிறான்.
கை ஏறியிருந்தால் கடன்காரனைப் பிடிக்கக் கூடாது. அது சட்டம்.
அதனால் வருவான்.
விற்க ஒன்றுமில்லை, வாங்கவும்.
மனைவி ஈடித்தின் விலாங்குமீன் தொட்டிக்குப் பின்னால்
குந்தியிருந்து
மகளுக்கு முளைத்த பற்களை எண்ணுவான்.
கடன் கொடுத்த தர்ஸ்டன் எதிரே நிற்பார்,
அவித்த பட்டாணியை மென்றபடி
கம்பத்தைப் பார்த்தபடி.

மூன்றாம் நாள், பொழுது சாய்ந்தது.
கயிற்றை இழுத்தேன். வரவில்லை என்றேன்.
பனியில் ஊறி இறுகிவிட்டது என்றேன்.

தர்ஸ்டன் வந்தார்.
கயிற்று வியாபாரி; இந்தக் கயிறும் அவர் கடையில் வாங்கியதுதான்.
முடிச்சை இரண்டு விரலால் தொட்டார்.
பனி இல்லை.
என்னைப் பார்த்தார்.
"அடுத்த வருஷம் புதுசு வாங்கு," என்றார்.

பிறகு ஈடித்திடம் போய்
ஒற்றை விலாங்குக்குப் பேரம் தொடங்கினார்,
அரைக்காசுக்கு, இருட்டும்வரை.
தொட்டிக்குப் பின்னால்
யாரும் இருந்த மாதிரியே தெரியவில்லை.