வில், வுட், வேர்

பேப்பர் மில்ஸ் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் யூனுஸ்
விசா ஃபாரத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தான்:
ஹோப் போட்டால் வில்.
விஷ் போட்டால் வுட்.
மாத்திப் போட்டா மாட்டிக்குவீங்க சார்.

முப்பத்தொரு வருஷம் ஐ.சி.எஃப்பில்
ரயில்பெட்டிக்குக் கதவு மாட்டியவன் நான்.
எந்தக் கீல் எந்தக் கதவுக்கு என்று
இருட்டில் தடவியே சொல்வேன்.
இந்த இரண்டு மட்டும்
கைமாறிக்கொண்டே இருந்தன.

அரிசி களைந்தபடி தவமணி கேட்பாள்:
"வில் யூ கம் பேக்?"
"ஐ ஹோப் ஐ வுட்."
"போச்சு. அடுத்த ஆள் வரலாம்" என்று
கழுநீரைக் கொட்டுவாள்.

நடுவில் டாலஸிலிருந்து மகள் அனுப்பினாள்:
ஐ விஷ் அம்மா வேர் ஹியர்.
எட்டாம் மாதம் அவளுக்கு.
இப்போது வேண்டியதற்கு எதற்கப்பா இறந்தகாலம்?
யூனுஸிடம் போய் நின்றேன்.
"இல்லாததைக் கேட்டா அப்படித்தான் சார்."
சொல்லிவிட்டு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டான்,
ஜெராக்ஸுக்கு.
அன்று ராத்திரி தவமணி
அந்த வேரை மட்டும்
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிவதற்குள் 29சி பிடித்து
ஜெமினி மேம்பாலத்தடியில் இறங்கினோம்.
வரிசை. பெல்ட்டைக் கழற்று. மறுபடி வரிசை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
காதில் சிவப்பேறிய ஒரு வெள்ளைக்காரப் பையன்.
நாக்கு நுனியில் வில்லை நாணேற்றி நிற்கிறேன்.
அவன் மைக்கில் கேட்டான்:
"குழந்தை பிறந்த பிறகு நீங்கள் திரும்பி வருவீர்களா?"

தமிழ்!
பெரம்பூரில் ஒருவரும் பேசாத சுத்தத் தமிழ்.

வருவோம் என்றால் மனப்பாடம் பண்ணியதுபோல் இருக்கிறது.
வரலாம் என்றால் சந்தேகம்.
வரணும் என்றால் பொறுப்பு கடவுளுக்குப் போய்விடுகிறது.
சொந்த பாஷையில் இத்தனை கீல் கிடப்பது
அறுபத்து நாலு வயதில்
ஒரு கண்ணாடி முன்னால்தான் தெரிய வேண்டுமா?

"வந்துடுவோம் சார்" என்றாள் தவமணி.
"மாடியில டேங்க் சொட்டுது. வந்துதான் பாக்கணும்."

அந்த 'டு' ஆடவே இல்லை.
பையன் ஏதோ தட்டினான்.
சிரித்தானா, இருமினானா, தெரியவில்லை.
பாஸ்போர்ட் இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டான்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்தபடி
யாரும் கேட்காமலே சொன்னேன்:
"ஐ ஹோப் வீ வில்."
முதல் தடவை, சரியாக.

"எங்க சார் எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.